அவநம்பிக்கை: சொல்லின் பொருளும் அதைப் பயன்படுத்தும் விதமும்

'எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை' என்கிறார் ஒருவர். 'எனக்குக் கடவுள் மேல் அவநம்பிக்கை வந்துவிட்டது' என்கிறார் இன்னொருவர். இருவரும் ஒன்றையே சொல்வதுபோலத் தோன்றும். ஆனால் முதலாமவர் நாத்திகர், இரண்டாமவர் ஆத்திகர். கடவுள் இருக்கிறார் என்பதில் இரண்டாமவருக்குச் சந்தேகமே கிடையாது. அந்தக் கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், இனியும் கைவிடத்தான் போகிறார் என்பது அவருடைய மனக்குறை. கடவுளே இல்லை என்று சொல்பவர் கடவுள் மேல் அவநம்பிக்கை கொள்ள வழியே இல்லை.

அகராதியைப் புரட்டினால் அவநம்பிக்கைக்குப் பெரும்பாலும் 'நம்பிக்கையின்மை' என்று ஒரே சொல்லில் பொருள் போட்டிருக்கும். தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் பாதிதான் சரி. நம்பிக்கையின்மை என்பது ஒன்று இல்லாத நிலை. அவநம்பிக்கையோ இருக்கிற ஒன்று. 'இவர் சொன்னபடி செய்யமாட்டார்', 'இது கெடுதலாகத்தான் முடியும்' என்று மனம் முன்கூட்டியே எடுத்துவிட்ட முடிவு அது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் இந்தச் சொல்லை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதில் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு சின்னக் காட்சியில் இதைப் பார்க்கலாம். ஒரு பெண் சில நாள் வெளியூர் போகிறார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், அதற்கு வீட்டுச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகவேண்டும். போன வாரம்தான் மாடிக்குக் குடிவந்த பெண் வந்து நிற்கிறாள். "சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்கக்கா, நான் ஊத்துறேன்" என்கிறாள். இவருக்குத் தயக்கம். "இருக்கட்டும்மா, பாத்துக்கலாம்" என்று சிரித்துச் சமாளிக்கிறார். பிறகு எதிர்வீட்டுக்காரரும் கேட்கிறார். போன வருடம் அவரிடம் சாவி கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அலமாரியில் துணிகளின் மடிப்பு மாறியிருந்தது. கடிதங்கள் வைத்த உறை திறந்து கிடந்தது. "வேண்டாங்க, செடியெல்லாம் தங்கச்சி வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்.

இரண்டு பேருக்குமே சாவி கிடைக்கவில்லை. ஆனால் காரணம் ஒன்றல்ல. மாடிவீட்டுப் பெண் மேல் இவருக்கு நம்பிக்கை இன்னும் பிறக்கவில்லை. நல்லவள் என்றும் தெரியாது, கெட்டவள் என்றும் தெரியாது. இரண்டு மாதம் பேசிப் பழகினால் சாவியை அவளே வாங்கிக்கொண்டு போவாள். எதிர்வீட்டுக்காரர் மேல் இருப்பதுதான் அவநம்பிக்கை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, நினைவு இருக்கிறது. அங்கே வெறும் பழக்கம் போதாது. நடந்தது முதலில் நேராக வேண்டும். இந்த இடத்தில் மாடிவீட்டுப் பெண்ணிடம் போய் 'உன் மேல் எனக்கு அவநம்பிக்கை' என்று சொன்னால் அவள் முகம் வாடிவிடும். 'நான் என்ன செய்தேன்?' என்று அவள் கேட்பது நியாயம்தான். அவநம்பிக்கை என்ற சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. எழுதும்போது இதை மறக்கவே கூடாது என்பது என் கருத்து.

அந்த 'அவ' எங்கிருந்து வருகிறது?

குற்றச்சாட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால், சொல்லின் முதல் இரண்டு எழுத்தில் வந்து நிற்போம். 'அவ' வடமொழி முன்னொட்டு. கீழே, தாழ்வாக, இழிவாக என்ற பொருள் தரும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அது வந்து சேரும்போது வெறுமனே 'இல்லை' என்று சொல்வதில்லை, எதிர்த்திசையில் இழுக்கிறது. மரியாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வந்ததை நீங்கள் கவனிக்கவில்லை, எழுந்து நிற்கவில்லை. அது மரியாதை செய்யாமல் விட்டது. அவரைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது அவமரியாதை. மதிப்பும் அப்படித்தான். நீதிமன்றத்தைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாதவர் மேல் யாரும் வழக்குப் போடமுடியாது. அதன் உத்தரவைத் தெரிந்தே மீறுபவர் மேல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வரும். இந்தியாவில் அதற்கென்று 1971இல் இயற்றிய தனிச் சட்டமே இருக்கிறது. மரியாதையின்மைக்கும் அவமரியாதைக்கும் என்ன தொலைவோ, அதே தொலைவுதான் நம்பிக்கையின்மைக்கும் அவநம்பிக்கைக்கும்.

தமிழில் 'அவம்' என்று தனிச்சொல்லாகவும் பழைய இலக்கியத்தில் இருக்கிறது. 'தவஞ்செய்வார் தங்கருமஞ் செய்வார்மற் றல்லார் அவஞ்செய்வார் ஆசையுட் பட்டு' என்பது 266ஆம் குறள். அங்கே அவம் என்றால் வீண், பயனற்ற காரியம். அவப்பெயர், அவச்சொல் என்ற சொற்களில் இடையே 'ப்', 'ச்' என்று ஒற்று மிகுவதைக் கவனித்திருப்பீர்கள். மரம், பெட்டியோடு சேர்ந்து மரப்பெட்டி ஆவதுபோல, அவம் என்பது பெயரோடு சேர்ந்து அவப்பெயர் ஆகியிருக்கிறது. தமிழ் வாய் அந்த 'அவ'வை அந்நிய முன்னொட்டாக ஒதுக்கிவைக்காமல் தன் புணர்ச்சி விதிக்குள் இழுத்துக்கொண்டுவிட்டது. அவநம்பிக்கையிலும் 'அவ'வை அடுத்து வருவது தமிழ்ச்சொல்தான்.

ஒரு எச்சரிக்கை. 'அவ' என்று தொடங்குகிற எல்லாச் சொல்லும் கெட்ட சொல் இல்லை. அவதாரம் என்பதில் 'அவ' கீழே இறங்கி வருவதைக் குறிக்கிறது, இழிவை அல்ல. அவகாசம், அவசரம் ஆகியவற்றிலும் இழிவு கிடையாது. எனவே முன்னொட்டைப் பார்த்ததும் பொருளை முடிவு செய்யாமல், அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு நல்ல சொல் நிற்கிறதா என்று பாருங்கள். மானம், மரியாதை, மதிப்பு, பெயர், நம்பிக்கை என்று நின்றால் 'அவ' அதைக் கவிழ்க்க வந்தது என்று கொள்ளலாம்.

நம்பிக்கை எத்தனை வகை?

அவநம்பிக்கையில் குழப்பம் வருவதற்குப் பெரிய காரணம் நம்பிக்கை என்ற சொல்தான். அது ஒன்றாக இருந்துகொண்டு பல வேலை பார்க்கிறது. ஒருவர் நேர்மையானவர் என்று மனம் கொள்வதும் நம்பிக்கை. நாளை நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பதும் நம்பிக்கை. சோதிடம் உண்மை என்று ஏற்பதும் நம்பிக்கை. என்னால் முடியும் என்ற துணிவும் நம்பிக்கைதான், அதைப் பிரித்துக் காட்டத் தன்னம்பிக்கை என்கிறோம்.

பழந்தமிழில் இந்தச் சொல்லின் பொருள் வேறாக இருந்தது. 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். நம்பு, மேவு இரண்டுக்கும் நசை, அதாவது விருப்பம், என்று பொருள். நம்புதல் என்றால் விரும்புதல். இன்றைக்கும் 'மழை வரும்னு நம்புறேன்' என்று சொல்லும்போது அதில் கொஞ்சம் விருப்பமும் கலந்திருக்கிறது. மழை வருவதை வெறுப்பவர் அந்த வாக்கியத்தைச் சொல்லமாட்டார். இது என் வாசிப்பு மட்டுமே, ஆனால் சொல்லின் பழைய ஈரம் இன்னும் காயவில்லை என்றே படுகிறது.

எந்த வகை நம்பிக்கையைப் பேசுகிறோம் என்பதைத் தமிழில் வேற்றுமை உருபும் இணைப்புச் சொல்லும் காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக எழுதுபவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டிய இடம் இது. 'டாக்டர் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை' என்றால் அவருடைய திறமையையோ நேர்மையையோ நம்பவில்லை. 'அப்பா பிழைப்பார் என்ற நம்பிக்கை இல்லை' என்றால் டாக்டர் மேல் குறையே இல்லை, நோய் கைமீறிப் போய்விட்டது. 'ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை' என்றால் அந்த முறையையே ஏற்கவில்லை. மேல், மீது என்று வந்தால் ஆளை நோக்கிய நம்பிக்கை. என்ற, என்னும், பேச்சில் 'ன்னு' என்று வந்தால் நடக்கப்போவதைப் பற்றிய நம்பிக்கை. 'இல்' உருபு வந்தால் பெரும்பாலும் கொள்கை, முறை, கோட்பாடு. மருத்துவமனை வராந்தாவில் நிற்கிற ஒருவர் வெறுமனே 'எனக்கு நம்பிக்கை இல்லைங்க' என்று சொன்னால், கேட்பவருக்கு எது என்று தெரியாது. 'யார் மேல?' என்றோ 'என்ன ஆகும்னு?' என்றோ திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

நம்பிக்கை இப்படிக் கிளை பிரிவதால் அவநம்பிக்கைக்கும் இரண்டு முகம் வந்துவிட்டது. ஒன்று, மேலே சாவிக் கதையில் பார்த்தது, ஆள்மேல் வரும் அவநம்பிக்கை. 'நிர்வாகத்தின் மீது ஊழியர்களுக்கு அவநம்பிக்கை', 'இரு தரப்புக்கும் இடையே நிலவும் அவநம்பிக்கை' என்று செய்திகளில் வருவது இது. மற்றொன்று, எதிர்காலத்தின்மேல் வருவது. எது செய்தாலும் உருப்படாது, நல்லது நடக்காது என்ற மனநிலை. அவநம்பிக்கைவாதி என்று நாம் சொல்வது இந்த இரண்டாம் வகை ஆளைத்தான். அவர் யாரையும் திருடன் என்று நினைப்பவர் இல்லை. மனிதர்கள்மேல் அவருக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம், நாளைமேல்தான் குறை. எல்லாரையும் ஐயத்தோடு பார்ப்பவரை அவநம்பிக்கைவாதி என்று எழுதினால் வாசிப்பவர் வேறொரு ஆளை மனதில் வரைந்துகொள்வார். அவருக்குச் 'சந்தேகப் பேர்வழி' என்ற சொல் பொருந்தும்.

பேச்சு வழக்கில் இந்த இரண்டாம் முகம்தான் அதிகம் புழங்குகிறது. 'அவன் மேல எனக்கு அவநம்பிக்கை' என்று வீட்டில் யாரும் சொல்லிக் கேட்பது அபூர்வம். 'அவன் மேல நம்பிக்கை இல்ல', 'நம்பிக்கை போயிடுச்சு', 'அவன நம்பி ஒரு காரியமும் பண்ணமுடியாது' என்றுதான் சொல்வார்கள். ஆனால் தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளை 'எப்படியும் பெயிலுதான்' என்று உட்கார்ந்திருந்தால், 'இப்படி அவநம்பிக்கையாப் பேசாதடா' என்று அம்மா சொல்வதுண்டு. ஆகவே கதையில் உரையாடல் எழுதுபவர்கள், ஆள்மேல் உள்ள அவநம்பிக்கையைப் பாத்திரத்தின் வாயில் அந்தச் சொல்லாகவே வைத்தால் அது செய்தித்தாள் பேசுவதுபோல ஒலிக்கும். எழுத்துநடையில் அது இயல்பாக உட்காரும்.

வினைச்சொல் கிடையாது

அவநம்பிக்கை பெயர்ச்சொல்லாக மட்டுமே இருக்கிறது. 'அவநம்புகிறேன்' என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. அவமதி, அவமதித்தான் என்று அவமதிப்புக்கு வினை உண்டு. இதற்கு இல்லை. எனவே துணைக்கு ஒரு வினை தேவை. கொள், எழு, தோன்று, ஏற்படு, வளர், நிலவு ஆகியவை நன்றாகப் பொருந்தும். ஒருவர் அவநம்பிக்கை கொள்கிறார், அவரிடையே அவநம்பிக்கை எழுகிறது, வளர்கிறது, இரு நாடுகளுக்கிடையே பரஸ்பர அவநம்பிக்கை நிலவுகிறது. வேண்டுமென்றே உண்டாக்கினால் விதைக்கிறார். போக்குவது, களைவது, அகற்றுவது எல்லாம் எதிர்த்திசை. 'ஆக', 'ஓடு' சேர்த்தால் வினையடை ஆகும். 'அவநம்பிக்கையோடு பார்த்தாள்' என்று ஒரு சொல்லில் ஒரு முழுப் பார்வையைச் சொல்லிவிடலாம்.

வினையாகவே சொல்ல வேண்டுமென்றால் நம்பு என்பதன் எதிர்மறை வடிவங்களுக்குத்தான் போகவேண்டும். அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மனநிலை. 'நம்பவில்லை' என்பது நடந்ததைச் சொல்கிறது. அவர் சொன்னார், நான் நம்பவில்லை, அவ்வளவுதான். 'நம்பமாட்டேன்' என்பது தீர்மானம், இனிச் சாட்சி கொண்டுவந்தாலும் மனம் மாறாது. அவநம்பிக்கைக்கு மிக நெருங்கிய வினைவடிவம் இதுதான். 'நம்பமுடியவில்லை' என்பதோ பல நேரம் அவநம்பிக்கையே இல்லை. முதல் மதிப்பெண் வாங்கிய பெண் 'என்னால நம்பவே முடியல' என்றால் அது மகிழ்ச்சி. கெட்ட செய்தி கேட்டு அதையே சொன்னால் அதிர்ச்சி. இரண்டிலும் செய்தி உண்மை என்று அவளுக்குத் தெரியும். மொழிபெயர்ப்புக் கருவிகளில் இந்த மாதிரி இடங்கள் தடுமாறக்கூடும், சரிபார்த்துக்கொள்வது நல்லது.

'நம்ப நட, நம்பி நடவாதே' என்று ஒரு பழமொழி. ஒரே வினையின் இரண்டு எச்சங்களை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார்கள். மற்றவர்கள் உன்னை நம்பும்படி நீ நட, நீ மற்றவர்களை நம்பிவிட்டு நடக்காதே. இதில் யார்மேலும் குற்றம் சுமத்தவில்லை என்பதைப் பாருங்கள். நம்பிக்கையை எச்சரிக்கையோடு வை என்கிறது, அவநம்பிக்கை கொள் என்று சொல்லவில்லை. 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பதும் அப்படியே. குதிரை மண்ணால் ஆனது என்று தெரிந்த பிறகு அதை நம்பாதிருப்பது தெளிவு.

சந்தேகம், ஐயம், தேறுதல்

சந்தேகத்தையும் அவநம்பிக்கையையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடுவது அடிக்கடி கண்ணில் படுகிறது. வகுப்பில் மாணவன் கைதூக்கி 'சார், ஒரு சந்தேகம்' என்கிறான். 'சார், ஒரு அவநம்பிக்கை' என்று சொல்லவே முடியாது. சந்தேகத்துக்குள் கேள்வி இருக்கிறது. கேள்விக்கு விடை கிடைத்தால் சந்தேகம் தீரும். அவநம்பிக்கையில் கேள்வி கிடையாது, விடை ஏற்கெனவே தயார். அதனால்தான் அவநம்பிக்கையைத் 'தீர்ந்தது' என்று சொன்னால் காதில் இடறுகிறது. நீங்கியது, அகன்றது, மறைந்தது என்பவையே பொருந்துகின்றன. சந்தேகம் இரு பக்கமும் ஆடும், அதனாலேயே சட்டத்தில் அதற்கு மதிப்பு. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படாவிட்டால் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்து விடுவிப்பார்கள். அவநம்பிக்கையின் பலன் என்று ஒன்றை யாருக்கும் கொடுக்கமுடியாது.

ஐயம் என்பது சந்தேகத்துக்கு நேரான தமிழ்ச்சொல். ஐயப்பாடு, ஐயுறவு ஆகியவையும் அதே குடும்பம். எழுத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஐயத்துக்குப் பிச்சை என்ற பொருளும் உண்டு, 'ஐயம் இட்டு உண்' என்ற ஆத்திசூடி வரியில் வருவது அதுதான்.

இன்று நாம் 'ஒருவரை நம்புதல்' என்று சொல்வதற்குப் பழந்தமிழில் தேறுதல், தெளிதல் என்று இரு வினைகள் இருந்தன. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஓதலாந்தையார் பாடிய குறுந்தொகை 21ஆம் பாட்டு. கார்காலம் வந்ததும் திரும்பி வருகிறேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. காடே 'இது கார்காலம்' என்று சொல்கிறது. தலைவி என்ன சொல்கிறாள்? 'கானம் காரெனக் கூறினும் யானோ தேறேன் அவர் பொய்வழங் கலரே.' காடு சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள். தலைவன்மேல் வைத்த நம்பிக்கை முழுதாக நிற்பதற்காகக் கண்ணெதிரே பூத்துநிற்கிற காட்டையே நம்ப மறுக்கிறாள். 'தேறேன்' என்ற அந்த ஒரு சொல்லில் நம்பிக்கையும் நம்ப மறுப்பதும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. 'தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்' என்பது 509ஆம் குறள். ஆராயாமல் யாரையும் நம்பாதே, ஆராய்ந்து ஏற்றபின் அவரிடம் நம்பி ஒப்படைக்கக்கூடியதை ஒப்படை. அடுத்த குறள், 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.' ஒருவனை ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவன்மேல் ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும். இங்கே மூன்று நிலைகள் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. ஆராய்வதற்கு முன் நம்பிக்கை வைக்காமல் இருப்பது முதல் நிலை, அது நம்பிக்கையின்மை, அதில் குற்றமில்லை. ஆராய்ந்தபின் வைப்பது நம்பிக்கை. அதன்பிறகும் காரணமில்லாமல் நெஞ்சுக்குள் வைத்திருப்பது ஐயுறவு. அதை வளரவிட்டால் இன்று நாம் அவநம்பிக்கை என்கிறோம்.

இந்த முதல் நிலைக்கு இன்றைய தொழில்நுட்பத்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கணினிப் பாதுகாப்பில் 'ஸீரோ டிரஸ்ட்' என்று ஒரு முறை இருக்கிறது. 2010இல் ஜான் கிண்டர்வாக் என்ற ஆய்வாளர் இதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். நிறுவனத்தின் உள்வலையமைப்பில் இருக்கிறது என்பதற்காக எந்தக் கணினியையும் நம்பிவிடாமல், ஒவ்வொரு கோரிக்கையையும் யார், எந்தக் கருவி, என்ன அனுமதி என்று ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது அதன் அடிப்படை. தமிழில் இதை 'அவநம்பிக்கை முறை' என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். அந்த முறை எந்த ஊழியரையும் திருடன் என்று சொல்லவில்லை. நம்பிக்கையை முன்பணமாகத் தருவதில்லை, அவ்வளவே. 'முன்நம்பிக்கையற்ற முறை' என்றோ 'நம்பும்முன் சரிபார்க்கும் முறை' என்றோ எழுதினால் சரியாக இருக்கும்.

நம்பிக்கையற்றவரும் நம்பகமற்றவரும்

இனி ஒரு பொதுப் பிழை. 'அவர் நம்பிக்கையற்ற மனிதர், பணம் கொடுக்காதே' என்று சிலர் எழுதுகிறார்கள். நம்பிக்கையற்றவர் என்றால் தன் உள்ளத்தில் நம்பிக்கை இல்லாதவர், மனம் உடைந்து போனவர். கடவுள் விஷயத்தில் என்றால் இறைநம்பிக்கை இல்லாதவர். பணம் கொடுத்தால் திரும்பி வராது என்று சொல்ல வந்தால் 'நம்பகமற்றவர்' என்றோ 'நம்பத்தகாதவர்' என்றோ எழுதவேண்டும். நம்பிக்கை நம்புகிறவரிடம் இருப்பது, நம்பகத்தன்மை நம்பப்படுகிறவரிடம் இருப்பது. இதில் குழப்பம் வர ஒரு நியாயமும் இருக்கிறது. 'நம்பிக்கையான ஆளு' என்று சொன்னால் நம்பத்தகுந்தவர் என்றே பொருள் வருகிறது. அதன் எதிர்ப்பக்கம் மட்டும் அப்படி அமையவில்லை. மொழி எல்லா இடத்திலும் இரண்டு பக்கமும் சமமாக வளர்வதில்லை, பழகித்தான் பிடிக்கவேண்டும்.

நம்பிக்கைத் துரோகம் என்பது செயல். செய்தவர் அவர். அதனால் எனக்குள் உண்டாவது அவநம்பிக்கை. சட்டத்தில் நம்பிக்கை மோசடி என்று ஒரு குற்றம் இருக்கிறது. ஒப்படைத்த சொத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது அது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 405, 406ஆம் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 316ஆம் பிரிவு.

தமிழ்க் கிறித்தவ வழக்கில் விசுவாசம் என்ற சொல் வேரூன்றியிருக்கிறது. அதன் எதிர்ச்சொல் அவிசுவாசம். இது 'அவ' அல்ல, வெறும் 'அ'. விசுவாசம் இல்லாமை என்றே பொருள். அவநம்பிக்கையோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம்

நம்பிக்கை இல்லாமையைச் சொல்லும் தொடர்களில் செய்தித்தாள்களில் மிகப் பழகிய தொடர் இதுவாகத்தான் இருக்கும். இந்திய அரசியலமைப்பின் 75(3)ஆம் பிரிவுப்படி அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. மக்களவையின் நம்பிக்கை இல்லாமல் அது ஆட்சியில் நீடிக்க முடியாது. மக்களவை விதி 198இன்படி, 50 உறுப்பினர்கள் ஆதரித்தால் தீர்மானம் விவாதத்துக்கு ஏற்கப்படும். மக்களவையில் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 1963 ஆகஸ்டில், நேரு அரசுக்கு எதிராக ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தது. அது தோற்றது.

இதன் மறுபக்கம் நம்பிக்கை வாக்கெடுப்பு. அரசே முன்வந்து 'எங்கள் மீது அவைக்கு நம்பிக்கை இருக்கிறது' என்று நிரூபிப்பது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது இப்படி ஒரு வாக்கெடுப்பில்தான், ஆதரவு 269, எதிர்ப்பு 270. அதை நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று எழுதுவது பிழை.

இலங்கைத் தமிழில் இதற்கு நம்பிக்கையில்லாப் பிரேரணை என்று பெயர். 2018 ஏப்ரலில் அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கு எதிரான பிரேரணை 76க்கு 122 என்ற வாக்குகளில் தோற்றது. இலங்கை வாசகர்களுக்கு எழுதுபவர்கள் 'பிரேரணை' என்றே எழுதுவது நல்லது.

அவநம்பிக்கைத் தீர்மானம் என்று ஏன் பெயர் வரவில்லை? வைத்த பெயர் சரியானது என்பது என் எண்ணம். அவை அங்கே அரசைக் கெட்டது என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. 'எங்கள் நம்பிக்கை உங்களிடம் இப்போது இல்லை' என்று சொன்னாலே போதும், அரசு விலகவேண்டியதுதான். இல்லாமை ஒன்றே இங்கே விளைவை உண்டாக்கிவிடுகிறது.

இந்தத் தொடரை எழுதும்போது நடுவில் 'த்' வருவதைக் கவனியுங்கள். 'இல்லாத' என்பதன் கடைசி 'த' கெட்டு 'இல்லா' என்று நிற்கிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று இலக்கணத்தில் பெயர். அதன்பின் வல்லினம் மிகும். அதனால் நம்பிக்கையில்லாத் தீர்மானம், நம்பிக்கையில்லாப் பிரேரணை. முழுதாக 'இல்லாத' என்று எழுதினால் ஒற்று வராது, 'நம்பிக்கையில்லாத பார்வை' என்பதுபோல. 'அற்ற' என்பதன் பின்னும் வராது, 'நம்பிக்கையற்ற பேச்சு'.

அவநம்பிக்கையைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுங்கள். 'அவ நம்பிக்கை' என்று பிரித்தால் பேச்சுவழக்கில் 'அவ' என்பது 'அவள்' என்று படிக்கப்படும், யாரோ ஒரு பெண்ணின் நம்பிக்கை ஆகிவிடும். 'அவன் நம்பிக்கை' என்று ஒரு 'ன்' கூடினாலும் பொருள் தலைகீழ். 'அவன் நம்பிக்கை எங்களைக் காப்பாற்றியது' என்பதில் அந்த ஒரு எழுத்தை விட்டுப் பாருங்கள், என்ன ஆகிறது என்று தெரியும். வாய்விட்டுச் சொன்னால் இரண்டும் காதில் மிக நெருங்கி ஒலிக்கும். எனவே வானொலிக்கோ காணொளிக்கோ எழுதுபவர்கள், குழப்பம் வரக்கூடிய இடத்தில் 'அவனுடைய நம்பிக்கை' என்று விரித்து எழுதிவிடுவது பாதுகாப்பு.